கிளிப் கழற்றியாச்சு, இனி ரிடெய்னர் எதற்கு?

கிளிப் போட்டு நேராக்கிய பல் மறுபடி நகராமல் பிடித்துவைக்க, அதைக் கழற்றியபின் மாட்டும் சாதனம்தான் ரிடெய்னர். கிளிப் கழற்றிய அன்றே சிகிச்சை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. பல் வேரை எலும்போடு பிடித்திருக்கும் நார்கள் புது இடத்துக்குப் பழக 3, 4 மாதம் ஆகும். ஈறுக்குள் இருக்கும் மீள்நார்களோ ஓராண்டு ஆனாலும் பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். திருகியிருந்த பல்லை நேராக்கியவர்களுக்கு இந்த இழுப்பு இன்னும் அதிகம்.

எத்தனை மணி நேரம் போடுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பலருக்கு முதல் சில மாதம் சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் மட்டும் கழற்றச் சொல்வார்கள், பிறகு இரவில் மட்டும். சிலருக்குத் தொடக்கத்திலிருந்தே இரவு மட்டும்தான். எத்தனை வருஷம்? பல் வரிசை கலையாமல் இருக்கவேண்டும் என்று நினைக்கும்வரை. கீழ்வரிசை முன்பற்கள் வயதாக ஆக நெருங்குவது கிளிப்பே போடாதவர்களுக்கும் நடக்கிறது. பழியை ஞானப்பல் மேல் போட்டுப் பயனில்லை.

நாலு நாள் விட்டுவிட்டு மாட்டினால் இறுகும். 'ரிடெய்னர் சுருங்கிவிட்டது' என்று டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். சுருங்கவில்லை, பல் நகர்ந்திருக்கிறது. இறுக்கமாக இருந்தாலும் கடைசிவரை உட்கார்ந்தால் விடாமல் போடுங்கள், பெரும்பாலும் சில நாளில் தளரும். பல் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அழுத்தவேண்டாம், மருத்துவரிடம் போங்கள். வழக்கமாக மாட்டும்போது கடித்து உட்காரவைத்தால் விரிசல் விழும், விரலால் அழுத்துங்கள். கழற்றும்போது இரண்டு பக்கக் கடைவாய்ப் பல்லிலிருந்தும் தொடங்குங்கள்.

கண்ணாடி போன்ற ரிடெய்னரை வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். பற்பசை கீறும், கீறலில் அழுக்கும் நாற்றமும் சேரும். சாதா தண்ணீர், மென்மையான பிரஷ், சாயமில்லாத திரவ சோப்பு ஒரு சொட்டு போதும். மாட்டிக்கொண்டே காபி, ஜூஸ் குடித்தால் சர்க்கரை பல்லோடு அடைபட்டுச் சொத்தையாகும். சாப்பிடும்போது டிஷ்யூவில் சுற்றிவைத்தால் எச்சில் இலையோடு குப்பைக்குப் போய்விடும்.

கழற்றி மாட்டும் ரிடெய்னருக்குப் பதில் பல்லின் உட்பக்கம் ஒட்டிய கம்பி இருப்பவர்கள் கவலையே இல்லை என்று இருந்துவிடுகிறார்கள். ஒரு பல்லில் மட்டும் பசை விட்டாலும் கம்பி அப்படியே நிற்கும், அந்தப் பல் மட்டும் மெல்ல நகரும். வாரம் ஒருமுறை கண்ணாடியில் பார்த்து, ஒவ்வொரு பசைப்புள்ளியையும் விரல் நகத்தால் தொட்டுப் பாருங்கள். கம்பிக்கு அடியில் பற்காரை படியாமலிருக்க, பல் இடுக்கில் நுழையும் இடைப்பல் பிரஷ் தினமும் வேண்டும்.

ரிடெய்னர் தொலைந்துபோனால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போன் செய்யுங்கள். பல் நகரும் முன் போனால், பத்திரமாக வைத்திருக்கும் பழைய பல் அச்சிலிருந்தே புதிது செய்துவிடலாம்.