‘காம்’ எங்கிருந்து வந்தது? இந்திக் குட்டிச் சொற்களின் வேரைத் தேடும் வழி

இந்தி படிக்க ஆரம்பித்த புதிதில், ‘காம்’ என்றால் வேலை என்றதும் குழம்பிவிட்டேன். சமஸ்கிருதத்தில் காம என்றால் ஆசையாயிற்றே! ஆனால் இரண்டுக்கும் உறவே இல்லை. இந்தி காம், ‘கர்ம’ என்ற பாட்டியின் பேத்தி. நடுவில், சமஸ்கிருதத்துக்கும் இந்திக்கும் இடைப்பட்ட பழைய பேச்சுமொழியான பிராகிருதத்தில் ‘கம்ம’ என்று ஒரு தாய் இருக்கிறாள். அந்தத் தாயைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை.

படி 1: சொல்லை இந்தி எழுதப்படும் நாகரி எழுத்தில் பாருங்கள். தமிழில் ‘தூத்’ என்று எழுதினால் பாலும் அதுதான், தூதனும் அதுதான். நாகரியில் கடைசி எழுத்து வேறு.

படி 2: க, ஜ, ஃப போன்ற எழுத்துகளின் அடியில் புள்ளி இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் பாரசீகம், அரபி வழி வந்தது. வாரத்தைக் குறிக்கும் ‘ஹஃப்தா’ அப்படித்தான். பாரசீகத்தில் ஹஃப்த் என்றால் ஏழு. சமஸ்கிருத ‘சப்த’வுக்குப் பங்காளி, பிள்ளை இல்லை. (ட வரிசையில் வரும் புள்ளி இந்தக் கணக்கில் சேராது.)

படி 3: நெடிலைக் குறிலாக்கி, அடுத்த மெய்யை இரட்டியுங்கள். ஹாத் (கை) ‘ஹத்த’ ஆகும், சாத் (ஏழு) ‘சத்த’, கான் (காது) ‘கண்ண’. பிராகிருத வடிவம் கிடைத்துவிட்டது. பஞ்சாபி நண்பர் யாராவது இருந்தால் பேசச் சொல்லிக் கேளுங்கள். இன்றைக்கும் ஹத்த், சத்த், கம்ம் என்றுதான் சொல்வார்.

படி 4: இரட்டித்த மெய் முன்பு எந்தக் கூட்டெழுத்தாக இருந்தது? இங்கேதான் வழுக்கும். ஹத்த ‘ஹஸ்த’விலிருந்து வந்தது, சத்த ‘சப்த’விலிருந்து, சோற்றைக் குறிக்கும் பாத்தின் முன்வடிவான பத்த ‘பக்த’விலிருந்து. தமிழில் எழுதினால் ஒரே ‘த்த’வாகத் தெரிவதற்கு மூன்று மூலம். பொருளை வைத்து ஊகிக்க வேண்டும். பாலுக்கான தூத் ‘துக்த’விலிருந்து வந்தது, அதற்கு நேர்ப்பொருள் ‘கறக்கப்பட்டது’. மாட்டடியில் பிறந்த சொல்!

படி 5: ஊகத்தைச் சரிபாருங்கள். 1966இல் நிறைவடைந்த ரால்ப் டர்னரின் இந்தோ-ஆரிய ஒப்பியல் அகராதியை சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சமஸ்கிருதச் சொல்லைத் தேடினால் பிராகிருதம், பஞ்சாபி, இந்தி வடிவங்கள் வரிசையாக வரும்.

சரி, எல்லாச் சொல்லும் படி 3க்கு அடங்காது. ‘சப்’ (எல்லாம்) ‘சர்வ’விலிருந்து வந்தும் நெடிலாகவில்லை, ‘சத்ய’விலிருந்து வந்த ‘சச்’சும் அப்படியே.

பழகிப் பார்க்க ஒன்று: ‘ஆட்’ என்றால் எட்டு. குறுக்கி இரட்டித்தால் ‘அட்ட’. அட்டமி, நவமி பார்க்கிறவர்களுக்கு அதற்கு மேல் அகராதி தேவைப்படாது.