நோயைத் தாங்கும் ரோஜாவைக் கலப்பினத்தின் மூலம் உருவாக்கும் முறை

பூஞ்சைக்கொல்லி தெளிக்கும் தோட்டத்தில் எந்த ரோஜா நோயைத் தாங்கும், எது தாங்காது என்று கண்டறிய வழியில்லை. ஆகவே, கலப்பு செய்யத் தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே தெளிப்பை முற்றிலும் நிறுத்திவிட்டு, மழைக்காலம் முடியும்வரை செடிகளைக் கவனித்து வாருங்கள். ஓரம் பிசிறடித்த கரிய வட்டங்கள் தோன்றி, அவற்றைச் சுற்றி இலை மஞ்சளாகி உதிர்ந்தால் அது கரும்புள்ளி நோய். தளிரிலும் மொட்டுக் காம்பிலும் வெண்ணிற மாவு படிந்தால் சாம்பல் நோய். இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி காணப்பட்டால் துரு நோய். மூன்றையும் தனித்தனியே குறித்து வைப்பது அவசியம், ஏனெனில் ஒன்றைத் தாங்கும் செடி மற்றொன்றில் இலையெல்லாம் இழந்து நிற்பது உண்டு.

பெற்றோரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. பிரான்சின் ரோஜா வளர்ப்பாளர் ஜோசப் பெர்னே-டுஷே 1900இல் வெளியிட்ட 'சொலேய் டோர்' என்னும் ரோஜா வழியாக, பாரசீக மஞ்சள் ரோஜாவின் அழகிய நிறத்துடன் கரும்புள்ளிக்கு எளிதில் ஆளாகும் இயல்பும் நவீன ரோஜாக்களுக்குள் புகுந்தது. மாறாக, ருகோசா, விச்சுரயானா, மல்டிஃப்ளோரா போன்ற காட்டு ரோஜாக்களிலிருந்து எதிர்ப்புத் திறனைப் பெறலாம். ஆனால் அவற்றுக்கு 14 குரோமோசோம்கள். தோட்ட ரோஜாக்கள் பெரும்பாலானவற்றுக்கு 28. இரண்டையும் நேரடியாகக் கலந்தால் பிறக்கும் செடி பெரும்பாலும் 21 குரோமோசோம்களுடன், விதை பிடிப்பது அரிதாகிவிடும். எனவே, 28 குரோமோசோம்கள் கொண்ட கோர்டெசி என்னும் கலப்பின ரோஜாவின் வழிவந்த வகைகளில் தொடங்குவதே புதியவருக்கு நல்லது என்பது என் கருத்து.

கலப்பு செய்யும் நாளில், மறுநாள் விரியக்கூடிய மொட்டு ஒன்றைத் தாய்ச்செடியில் காலையிலேயே தேர்ந்தெடுங்கள். இதழ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தபின், நடுவிலுள்ள சூல்முடிகளைச் சுற்றி மஞ்சள் வளையமாக நிற்கும் மகரந்தப்பைகள் வெடிப்பதற்கு முன்பே, ஒன்றுகூட மிச்சமின்றி நுண்ணிய இடுக்கியால் அகற்றுங்கள். ஒன்று தங்கினாலும் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடக்கூடும். காகித உறையால் மூடி வைத்து, மறுநாள் சூல்முடி பிசுபிசுப்பானதும், தந்தைச் செடியிலிருந்து எடுத்துக் காகிதத்தில் உலர்த்திய மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, பெற்றோர் பெயரையும் தேதியையும் சீட்டில் எழுதிக் கட்டுங்கள். சீட்டு இல்லாத காயால் எந்தப் பயனும் இல்லை.

காய் முதிர மூன்று முதல் நான்கு மாதங்கள் ஆகும். விதைகளைக் கழுவி, ஈரத் துணியில் சுற்றி, சுமார் 4 டிகிரி செல்சியஸில் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வைத்தபின் விதையுங்கள். பலவும் முளைக்காது, அதற்காகச் சோர்வடைய வேண்டாம்.

நாற்றுகளைத் தேர்வதில்தான் மனவுறுதி வேண்டும். கரும்புள்ளிப் பூஞ்சை தொற்றுவதற்கு இலை ஏறத்தாழ 7 மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும் என்பதால், நோயுற்ற இலைகளை நாற்றுகளுக்கு இடையே பரப்பி, மாலையில் இலைகள் நனையுமாறு நீர் தெளித்து இரவு முழுவதும் மூடி வையுங்கள். ஓரிரு வாரங்களில் வேறுபாடு தெரியும். முதல் பூ எவ்வளவு அழகாக இருந்தாலும், அடியிலைகளை உதிர்த்துவிட்ட நாற்றைக் களைந்துவிட வேண்டும். அதேசமயம், ஒரு புள்ளி வந்ததற்காக எதையும் எறியாதீர்கள். புள்ளி தோன்றியும் பரவாமல், இலையைத் தக்கவைத்துக்கொள்ளும் நாற்றே நெடுங்காலம் நிலைக்கக்கூடியது. ஒற்றை மரபணுவைச் சார்ந்த முழு எதிர்ப்பைப் பூஞ்சையின் வேறொரு இனம் உடைத்துவிடலாம். மல்டிஃப்ளோராவிலிருந்து கிடைத்த, கரும்புள்ளியை எதிர்க்கும் ஆர்டிஆர்1 மரபணுவும் எல்லா இனங்களையும் தடுப்பதில்லை.

மூன்று ஆண்டுகள் தாங்கிய செடிகளிலிருந்து குச்சிகளை வேர்விடச் செய்து, வேறு ஊர்களில் ரோஜா வளர்க்கும் சிலரிடம் கொடுத்து, அங்கும் மருந்தின்றி வளர்க்கச் சொல்லுங்கள். உங்கள் தோட்டத்தில் இல்லாத பூஞ்சை இனம் அங்கே இருக்கக்கூடும்; அதையும் தாங்கிய செடியையே அடுத்த கலப்புக்குப் பெற்றோராக வைத்துக்கொள்ளுங்கள்.