படகுக் கணக்கில் கால் வழுக்கும் இடங்கள்

மலையில் வளரும் பிள்ளைகளுக்குப் படகு புதிதில்லை. ஆனால் அவர்கள் பார்த்த படகெல்லாம் ஓடாத தண்ணீரில் போகிற படகு. கொடைக்கானல் ஏரி, 1863-இல், மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் முயற்சியில் நீரை மறித்து உண்டாக்கியது. ஊட்டி ஏரியும் கோயம்புத்தூர் ஆட்சியர் சல்லிவன் காலத்தில் அப்படித்தான் வந்தது. ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள பைக்காராவுக்கு ஆற்றின் பெயர் இருந்தாலும், படகு விடுவது அணையில் தேங்கிய நீரில். பாடப்புத்தகம் 'அசைவற்ற நீர்' என்று எழுதுவது இதைத்தான். ஏரியில் படகின் வேகம் தண்ணீரைப் பொறுத்தும் கரையைப் பொறுத்தும் ஒன்றே. ஆற்றில் இந்த இரண்டும் பிரிந்துவிடும். நான் திருத்தும் விடைத்தாள்களில் பாதித் தவறு, இந்தப் பிரிவைக் கவனிக்காமல் எந்த வேகத்தையும் x என்று எழுதிவிடுவதால் வருகிறது. x என்பது அசைவற்ற நீரில் படகின் வேகம் மட்டுமே.

ஒரே படகை வைத்துப் பார்ப்போம். அசைவற்ற நீரில் அதன் வேகம் மணிக்கு 9 கி.மீ., நீரோட்டம் மணிக்கு 3 கி.மீ. நீரோட்டத்தின் திசையில் 12, எதிர்த்திசையில் 6. இந்த 12-உம் 6-உம் கரையிலிருந்து பார்ப்பவர் அளக்கும் வேகங்கள். நீரோட்டம் ஏற்கெனவே அதற்குள் அடங்கிவிட்டது. 'நீரோட்டத்தின் திசையில் மணிக்கு 12 கி.மீ. செல்லும் படகு' என்று கேள்வி சொன்னால், x = 12 என்று வைத்து மறுபடி x + 3 எழுதக்கூடாது. எழுதுகிறார்கள். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பெரியவர்களும் எழுதுகிறார்கள்.

தொப்பிக் கணக்கில் இது இன்னும் நன்றாகத் தெரியும். எதிர்த்திசையில் போகும் படகிலிருந்து தொப்பி ஆற்றில் விழுகிறது. 20 நிமிடம் கழித்துத்தான் படகோட்டி கவனிக்கிறார். உடனே திரும்பி, தொப்பி விழுந்த இடத்துக்கு 2 கி.மீ. கீழே அதைப் பிடிக்கிறார். நீரோட்டத்தின் வேகம் என்ன? படகின் வேகம் தரவில்லையே என்று பலர் கேள்வியையே விட்டுவிடுவார்கள். இன்னும் சிலர் தொப்பி விழுந்த இடத்திலேயே நிற்பதாக எடுத்துக்கொள்வார்கள். தொப்பி தண்ணீரோடு போகிறது. அதாவது, தண்ணீரைப் பொறுத்து அது நகரவே இல்லை. கொடை ஏரியில் விழுந்திருந்தால் 20 நிமிடம் விலகிய படகு திரும்பிவர எத்தனை நிமிடம் ஆகும்? அதே 20. ஆற்றிலும் அவ்வளவுதான். மொத்தம் 40 நிமிடத்தில் தொப்பி 2 கி.மீ. போயிருக்கிறது, நீரோட்டம் மணிக்கு 3 கி.மீ. படகின் வேகம் 9 ஆனாலும் 20 ஆனாலும் விடை மாறாது.

சராசரி வேகம் அடுத்த பள்ளம். போக 12, வர 6, ஆகவே சராசரி 9 என்பார்கள். 12-ஐயும் 6-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பது அசைவற்ற நீரில் படகின் வேகம். பயணத்தின் சராசரி வேண்டுமென்றால் மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். 14 கி.மீ. போய்த் திரும்பினால் போக 1 மணி 10 நிமிடம், வர 2 மணி 20 நிமிடம். 28 கி.மீ.க்கு 3 மணி 30 நிமிடம், சராசரி 8. மெதுவாகப் போகும் பக்கத்தில் படகு அதிக நேரம் கிடக்கிறது, அதனால்தான் 9-க்குக் கீழே இறங்குகிறது.

அந்த 3 மணி 30 நிமிடத்தைச் சமன்பாட்டில் 3.30 என்று எழுதுவதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 7/2 என்று எழுதுங்கள். தசமத்தைவிடப் பின்னம் இங்கே சுலபமாகச் சுருங்கும்.

படகின் வேகம் x, நீரோட்டத்தின் வேகம் y என இரண்டு மாறிகள் வரும் கணக்கில் 1/(x + y) = a, 1/(x − y) = b என்று வைத்துத் தீர்ப்போம். a = 1/12, b = 1/6 என்று வந்ததும் அடிக்கோடு போட்டு எழுந்துவிடுவது வழக்கம். கேள்வி a-ஐயும் b-ஐயும் கேட்கவில்லை. x + y = 12, x − y = 6 என்று திருப்பிப்போட்டால்தான் 9-உம் 3-உம் கிடைக்கும்.

இருபடிச் சமன்பாட்டில் 'குறை எண் வந்தால் தள்ளு' என்ற மனப்பாடம் பெரும்பாலும் காப்பாற்றும். எப்போதும் அல்ல. நீரோட்டம் 3, படகு நீரோட்டத்தின் திசையில் 24 கி.மீ., எதிர்த்திசையில் 6 கி.மீ. செல்ல மொத்தம் 3 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

24/(x + 3) + 6/(x − 3) = 3

குறுக்கே பெருக்கிச் சுருக்கினால் x² − 10x + 9 = 0. x = 9 அல்லது x = 1. இரண்டும் மிகை எண்கள்! பதற்றத்தில் இரண்டையும் விடையாக எழுதியவர்கள் உண்டு. 3 கி.மீ. வேகத்தில் வரும் தண்ணீரை 1 கி.மீ. வேகப் படகு எதிர்த்துப் போக முடியாது, பின்னுக்குத்தான் இழுபடும். ஆகவே சமன்பாடு எழுதும்போதே பக்கத்தில் x > 3 என்று குறித்துவிட வேண்டும். 1-ஐப் போட்டுப் பார்த்தால் சமன்பாடு என்ன செய்கிறது தெரியுமா? 24 கி.மீ. போக 6 மணி நேரம், எதிர்த்து 6 கி.மீ. வர −3 மணி நேரம். கூட்டினால் சரியாக 3.