சப்பை நோயில் வலி குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள்

ஏற்காட்டில் மழை பிடித்துவிட்டால், புதிதாக வேலைக்கு வந்த கால்நடை மருத்துவர்களிடமிருந்து போன் வரும். "சார், கிடேரி நொண்டுது. சுளுக்கு மாதிரி தெரியுது." முதல் வருடத்தில் நானும் இதையேதான் சொன்னேன். ஆனால் அது சப்பை நோயாக, அதாவது மாட்டின் சதையைச் சாகடிக்கும் கிருமி நோயாக இருக்கலாம். அதில் நாம் செய்யும் தவறுகளைத்தான் கீழே சொல்கிறேன். தடுப்பூசியை மறப்பது போன்றதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

வலி இல்லையென்று நிம்மதி அடைவது

நாகலூர் பக்கம் ஒரு வீடு. ஒன்றரை வயதுக் கிடேரி, கண் படும் அளவுக்குக் கொழுகொழுவென்று இருந்தது. பின்சப்பையில் வீக்கம். தொட்டால் சுட்டது, கை வைத்தாலே உதைத்தது. வலிக்கு ஊசி போட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை. வீக்கம் சில்லென்று இருந்தது, காய்ச்சலும் இறங்கியிருந்தது. "நோவு போயிடுச்சுங்களா சாமி?" என்று அந்த அம்மா கேட்டார். "தேறிடும்மா" என்றேன். மத்தியானம் செத்துப்போனது.

வலியை உணரவேண்டிய சதையே செத்திருந்தது, அவ்வளவுதான். கிளாஸ்டிரிடியம் சோவியை என்ற கிருமி மண்ணில் வருடக்கணக்கில் உறங்கும். தீனியோடு உள்ளே போய்ச் சதையில் பதுங்கும். அடிபட்டு ரத்தம் ஓடாத இடம் கிடைத்தால் விழித்துக்கொள்ளும். ஆக்சிஜன் இல்லாமலே சதையிலுள்ள சர்க்கரையைப் புளிக்கவைத்துப் பிழைப்பதால் கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் கக்கும். அந்த வாயு தோலுக்கடியில் தங்கும். விரலால் அழுத்தினால் துணிக்குள் அப்பளம் நொறுங்குவது போல நறநறவென்று கேட்கும். முதல் நாளே நான் விரலை வைத்துத் தடவிப் பார்த்திருக்கலாம். சூடு இருக்கும்போதே பெனிசிலினைத் தாராளமாகக் கொடுத்தால் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. சில்லிட்ட பிறகு பெரும்பாலும் இல்லை. பெனிசிலின் என் பையிலேயே இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

இளைத்த மாட்டுக்குத்தான் வரும் என்று நினைப்பது

தலைகீழ். ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரை, நன்றாகத் தின்று வளர்வதைத்தான் அதிகம் பிடிக்கும்.

பக்கத்து மாட்டைத் தள்ளிக் கட்டிவிட்டு இருந்துவிடுவது

மாட்டிலிருந்து மாட்டுக்கு ஒட்டாது, மண்ணிலிருந்து வருவது. மேய்ச்சல் இடத்தை மாற்றுங்கள்.

செத்ததை அறுத்துப் பார்ப்பது

கருத்த சதையும் நாள்பட்ட வெண்ணெய் வாடையும் பார்க்க ஆசைதான். திடீர்ச் சாவு அடைப்பானாகவும் (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், அப்போது உங்கள் உயிருக்கே ஆபத்து. அறுக்காமல் ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அந்த வீட்டில் கொட்டகைக்குப் பத்தடி தள்ளித்தான் தோலை உரித்தார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அடுத்த மழைக்கு இன்னொரு கன்று போனது.