உராய்வை எதிர்த்து மூட்டை இழுத்தால் எத்தனை ஜூல்?

காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்துக் கொப்பரைக் களங்களில் 50 கிலோ மூட்டையைச் சிமெண்ட் தளத்தில் இழுத்துக் குடோனில் சேர்ப்பது அன்றாடக் காரியம். பிளஸ் ஒன் மாணவருக்கு உராய்வுக் கணக்கு சொல்லித்தர இது போதும். வேலை என்பது விசை × நகர்ந்த தூரம் × இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன். சூத்திரத்தில் யாரும் தவறுவதில்லை. எந்த விசையைப் போடுவது என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

முதலில் உராய்வுக் குணகம் வேண்டும், அதாவது உராய்வு விசை தரையை அழுத்தும் எடையில் எத்தனை பங்கு என்பது. சாக்குக்கும் சிமெண்ட்டுக்கும் அட்டவணையில் எண் தேட வேண்டாம். தளம் வழவழப்பா சொரசொரப்பா, எண்ணெய் படிந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து அது மாறும். கொக்கித் தராசு ஒன்று இருந்தால் நீங்களே அளந்துவிடலாம். மூட்டையைப் படுக்கப் போட்டு, தரையை ஒட்டிக் கயிறு கட்டி, கொக்கியை மாட்டி, தரைக்கு இணையாக ஒரே சீராக இழுங்கள். நின்றுகொண்டு குட்டைக் கயிற்றில் இழுத்தால் கயிறு சாய்ந்து, மூட்டையைக் கொஞ்சம் தூக்கவும் செய்யும், அளவு கெட்டுவிடும். வெடுக்கென்று இழுத்தாலும் அப்படித்தான். டிஜிட்டல் தராசில் எண்ணைப் பிடித்துவைக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பிடித்துவைத்த அளவே திரையில் நின்றுகொண்டிருக்கும்.

நகரத் தொடங்கும் கணத்தில் 25 கிலோ காட்டியது, நகர்ந்த பிறகு 20 கிலோவில் நிலைத்தது என்று வைத்துக்கொள்வோம். 25-ஐ 50-ஆல் வகுத்தால் 0.5, இது நிலை உராய்வுக் குணகம். 20-ஐ 50-ஆல் வகுத்தால் 0.4, இது இயக்க உராய்வுக் குணகம். இரண்டு பக்கமும் கிலோ என்பதால் கிலோவை நியூட்டனாக்கும் 9.8 (புவியீர்ப்பு முடுக்கம்) இங்கே வரவே வேண்டாம்.

வேலைக்குப் போட வேண்டியது 0.4-தான். 0.5 மூட்டையை அசைக்க மட்டும். அந்தக் கணத்தில் தூரமே இல்லை, வேலையும் இல்லை. உராய்வு விசை 0.4 × 50 × 9.8 = 196 நியூட்டன். சீரான வேகத்தில் 6 மீட்டர் இழுத்தால் 196 × 6 = 1176 ஜூல். கிலோவை நியூட்டனாக்க மறந்து 20 × 6 = 120 என்று எழுதுவோர் வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

இழுப்பவர் செய்த வேலை +1176, உராய்வு செய்தது −1176, மொத்தம் சுழி. வேகம் மாறாததால் இது சரியே. கேள்வி ‘இழுப்பவர் செய்த வேலை’ என்றால் சுழி என்று எழுதக் கூடாது. அதேபோல் மூட்டையைக் கொண்டுபோய்த் திரும்பப் பழைய இடத்திலேயே போட்டால் இடப்பெயர்ச்சி சுழி. ஆனால் உராய்வு போக வர இரண்டு பக்கமும் எதிர்ப்பதால் 2352 ஜூல் செலவாகியிருக்கும். அது சாக்கின் அடியையும் தளத்தையும் சூடேற்றப் போய்விட்டது.

இனிக் கயிறு சாய்வாக இருக்கும் கணக்கு. இங்கேதான் பெரும்பாலோர் 196-ஐ அப்படியே எடுத்து, கொசைன் 30-ஆல் பெருக்கி, 1018 ஜூல் என்று முடித்துவிடுகிறார்கள். தவறு. கயிறு 30 பாகை மேல்நோக்கி இருந்தால் இழுவிசையின் ஒரு பகுதி மூட்டையைத் தூக்குகிறது, தரை தாங்கும் எடை குறைகிறது, உராய்வும் குறைகிறது. எனவே விசையைப் புதிதாகக் காண வேண்டும்:

விசை = 196 ÷ (கொசைன் 30 + 0.4 × சைன் 30) = 196 ÷ 1.066 = 184 நியூட்டன்.

இதன் கிடைக் கூறு 159 நியூட்டன். 6 மீட்டருக்கு ஏறக்குறைய 955 ஜூல். அதே மூட்டையைப் பின்னாலிருந்து 30 பாகை கீழ்நோக்கித் தள்ளினால் வகுக்கும் எண்ணில் கூட்டல் கழித்தலாகிறது: 196 ÷ 0.666 = 294 நியூட்டன், வேலை சுமார் 1529 ஜூல். மூட்டையும் தளமும் மாறவில்லை. தள்ளுபவர் தன் பலத்தில் ஒரு பங்கை மூட்டையைத் தரையோடு அழுத்தவே செலவழிக்கிறார்.

லாரியில் ஏற்றும்போது ‘பலகை போட்டா வேலை மிச்சந்தானுங்களே?’ என்று கேட்பார்கள். விசைதான் மிச்சம். லாரித் தளம் 1.2 மீட்டர் உயரம், பலகை 4 மீட்டர் நீளம், பலகையிலும் குணகங்கள் அதே 0.4, 0.5 என்று கொள்வோம். மூட்டையின் எடை 50 × 9.8 = 490 நியூட்டன், நேராகத் தூக்கினால் 490 × 1.2 = 588 ஜூல். பலகையில் இழுத்தால் இந்த 588-உடன் உராய்வுக்கானதும் சேரும். அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: சரிவு நீளத்தை விட்டுவிட்டு, பலகை தரையில் அடைக்கும் கிடைத் தூரத்தை 196-ஆல் பெருக்குங்கள். இங்கே அது 3.82 மீட்டர், ஆக 748 ஜூல். மொத்தம் 1336. விசை மட்டும் 490-லிருந்து 334 நியூட்டனாக இறங்குகிறது.

2 மீட்டர் பலகை போட்டால் கிடைத் தூரம் 1.6 மீட்டர், வேலை 902 ஜூல்தான், ஆனால் விசை 451 நியூட்டன். காகிதத்தில் குட்டைப் பலகை லாபமாகத் தெரியும். போடும் முன் உயரத்தைக் கிடைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள்: 1.2 ÷ 1.6 = 0.75. இது 0.5-ஐத் தாண்டுவதால் கயிற்றைத் தளர்த்தியதும் மூட்டை சறுக்கிக் கீழே வந்துவிடும். 4 மீட்டர் பலகையில் அந்த எண் 0.31, நடுவில் மூச்சு வாங்க நின்றாலும் மூட்டை விட்ட இடத்திலேயே இருக்கும்.