ஈரம் ஏறிய சுருட்டு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்ட வீட்டில் வைத்த சுருட்டு பாதியிலேயே அணைந்துகொண்டே இருந்தது. அமுக்கினால் பஞ்சு போல் மெத்தென்று அமுங்கும். எவ்வளவு இழுத்தாலும் புகை வராது. எல்லாம் ஊர்க் காற்றின் ஈரம். மூடி இறுகும் டப்பாவில் உள்ளே ஈரப்பதத்தை 65 சதவீதத்திலேயே நிறுத்தும் பொட்டலம் ஒன்றைப் போட்டு, சுருட்டுகளை அடுக்கி, ஏர்கோன் அறை அலமாரியில் வைத்தேன். சில வாரத்தில் சீராக எரிந்தது. 25 டிகிரிக்கு மேல் போனால் புகையிலை வண்டின் முட்டை பொரித்து இலையில் குண்டூசித் துளை விழும், அதையும் கவனிக்க வேண்டும்.

அப்புறம், புதிதாகப் பிடிக்க வந்த மச்சானுக்கு கனெக்டிகட் எனும் வெளிர் பழுப்புப் புகையிலையை மேலிலையாகச் சுற்றிய சிறிய சுருட்டைத்தான் கொடுத்தேன். காரம் குறைவு. சாப்பிட்ட பிறகு, நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். வேகமாக இழுத்தால் சூடேறிக் கசக்கும். புகை வாயோடு சரி, நெஞ்சுக்குள் இழுக்கவே கூடாது.