கணினி விளையாட்டில் கேடட் பயிற்சி: தோட்டப்புறப் பள்ளிக்கு ஒரு வழிமுறை

எதைக் கற்பிக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்த பின்னரே விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்க மரின் படையினர் 1996-இல் 'டூம் 2' விளையாட்டிலிருந்த அரக்கர்களை எடுத்துவிட்டு, நால்வர் கொண்ட குழு ஒருவரையொருவர் காத்தபடி நகரப் பழகும் களமாக அதை மாற்றினார்கள். குறிபார்த்துச் சுடுவது அதன் நோக்கமன்று. சுட்டியைச் சொடுக்குவதால் துப்பாக்கியின் கனம் தெரிந்துவிடாது. 2001-இல் வெளிவந்த 'ஆப்பரேஷன் ஃப்ளாஷ்பாயிண்ட்' விளையாட்டின் அடித்தளத்திலிருந்தே இராணுவங்களுக்கான 'விபிஎஸ்' பயிற்சி மென்பொருள் உருவானது.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில், படிவம் 4-இல் (ஏறத்தாழ 16 வயது) பயிலும் கேடட் எனும் பள்ளிப் படைப்பயிற்சி அணி மாணவர்களுக்கு, 'ஆர்மா 3' என்ற போர்க்களப் பாவனை விளையாட்டு பொருந்தும். ஆயினும் பெற்றோரின் சம்மதத்தையும், உரிமம் பள்ளிப் பயன்பாட்டுக்கு இடம்தருகிறதா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக் களத்தை நாமே அமைக்க உதவும் அதன் களத்தொகுப்பியில் சிறு ரோந்து ஒன்றை அமைத்து, இறந்தவர் மீண்டும் உயிர்பெறும் வசதியையும், முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் காட்சியையும் நிறுத்திவிடுங்கள். இவை இருக்கும்வரை யாரும் மறைவிடம் தேடமாட்டார்கள்.

முதல் ஒரு மணி நேரத்தை விசைப்பலகையின் விசைகளைப் பழகுவதற்கே ஒதுக்குங்கள். இல்லையெனில், நன்றாக விளையாடுபவனையே நல்ல தலைவன் என்று தவறாக எண்ணிவிடுவோம்.

ஆய்வாகவும் பதிவு செய்ய விரும்பினால், ஒரே ரோந்தை இரு குழுக்களுக்குக் கொடுத்து, ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: ஒரு குழு புறப்படுமுன் தாளில் வரைபடம் வரையட்டும், மற்றது வரையாமல் போகட்டும். எதிரியைக் கண்ட நொடிக்கும் தலைவருக்குச் செய்தி எட்டிய நொடிக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்தி சொல்லும் விதத்தில்தான் எல்லாம் சிக்கும். "சார், அங்க, மரத்துக்குப் பின்னால!" என்பான் ஒருவன், திரை முழுவதும் மரமாக இருக்கும். "பாகை 70, தொலைவு 200 மீட்டர், மதிலோரம் இருவர்" என்று சொல்லும்வரை திருப்பிச் சொல்லவையுங்கள். ஆட்டம் முடிந்தபின், ஆடிய நேரத்துக்குக் குறையாமல் உட்கார்ந்து பேசுங்கள். இளையவர் முதலிலும் தலைவர் கடைசியிலும் பேசட்டும், ஏனெனில் தலைவர் வாய் திறந்துவிட்டால் மற்றவர்கள் ஆமாம் போட்டு முடித்துவிடுவார்கள்.

மறுவாரம் அவர்களைச் செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். பெரும்பாலான தோட்டங்களில் மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளி விட்டே நடுகிறார்கள். ஆகவே ஒரே வரிசையில் 11 இடைவெளி ஏறக்குறைய 100 மீட்டராகும். திரையில் சொன்னதுபோலவே இங்கும் தொலைவைச் சொல்லச்சொல்லிவிட்டு, மரங்களை எண்ணியபடி நடந்து சரிபார்க்கவையுங்கள்.